பின்பனியும் பசித்த நகரமும்

ரொறன்ரோவில் வாழும் பாடசாலைக் கால நண்பர் ஒருவர் மே மாதத்தின் நடுப்பகுதியில் தொலைபேசியில் அழைத்தார். வழமையாக அரசியல் பேசுபவர், அன்று மிளகாய்க் கன்றுகளைப் பற்றியே பேசினார். மார்ச் மாதம் முதல் வீட்டு யன்னலோரத்தில் வைத்து வளர்த்த மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகளை, நாலு நாள் நல்ல வெயில் எறித்ததை நம்பிப் பின்வளவில் நட்டிருக்கிறார். ஓரிரவு உறைபனி விழுந்தது. விடிந்தபோது கன்றுகள் அனைத்தும் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கறுத்துக் கிடந்தனவாம். “வெயிலை நம்பினேன் மச்சான், கெட்டுப்போனேன்” என்றார்.

அவருடைய பக்கத்து வீட்டில் முதிய ரஷ்யப் பெண்மணி ஒருவர் வசிக்கிறார். அவர் முன்னரே எச்சரித்திருந்தாராம். தன் தாயார் ஜூன் பிறக்கும்வரை எந்தக் கன்றையும் வாசலுக்கு வெளியே விட்டதில்லை என்றும், அது அவர் லெனின்கிராட் முற்றுகைக் காலத்தில் படித்த பாடம் என்றும் சொல்லியிருக்கிறார். நண்பர் அதைப் போகிற போக்கில்தான் குறிப்பிட்டார். எனக்கோ அந்த ஒரு வசனம் மனதைவிட்டு அகலவில்லை. லெனின்கிராட் முற்றுகையைப் பற்றி நம்மில் பலர் ஓரளவு அறிவோம். அந்த நகரம் பட்டினியில் மாண்டதை அறிவோம். அது தோட்டம் செய்த கதையை அறிந்தோர் குறைவு. அக்கதையைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

தமிழில் முன்பனி, பின்பனி என இரு பருவங்கள் உண்டு. பின்பனி என்றதும் மாசி, பங்குனி மாதங்களின் அதிகாலைக் குளிரும் புல்நுனியில் நிற்கும் துளியுமே நம் நினைவுக்கு வரும். நுவரெலியாவில் ஆண்டின் முதல் மாதங்களில் விழும் துகள் உறைபனியில் உருளைக்கிழங்குச் செடிகளும் தேயிலைக் கொழுந்தும் கருகுவதைச் செய்தியாக எழுதியும் இருக்கிறேன். வடபுல நாடுகளின் பின்பனி இவற்றிலும் கொடியது. பனி உருகி, மரங்கள் துளிர்த்து, வசந்தம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய பின்னர் அது வரும். பகல் முழுதும் வெயில் காய்ந்திருக்கும். இரவில் வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்துவிட்டால், நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக்கொடுத்து உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். இலையின் உள்ளிருக்கும் நீர் உறைந்து கலங்கள் சிதைந்துபோகும். உருளைக்கிழங்கின் இளந்தளிர் பூச்சியத்துக்குக் கீழே ஓரிரு பாகையைத் தாங்காது. வெளிக்குளிருக்குப் பழக்கப்பட்ட கோவா நாற்று இன்னும் சில பாகை தாங்கும். எந்தப் பயிரை எப்போது வெளியில் விடலாம் என்ற அறிவு முழுவதும் இந்தச் சில பாகைகளுக்குள் அடங்கியிருக்கிறது.

1703ஆம் ஆண்டில் மகா பீட்டர் மன்னன் நேவா ஆற்றின் கழிமுகச் சதுப்பில் எழுப்பிய நகரம் இன்று மீண்டும் சென் பீற்றர்ஸ்பேர்க் என வழங்குகிறது. வட அகலாங்கு 60 பாகையில் அமைந்துள்ளது. ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 19 மணித்தியாலம் நீளும். அந்நீண்ட ஒளியில் கோவா மளமளவெனப் பருக்கும். ஆனால் அதற்குக் கிடைக்கும் காலம் குறுகியது. மே மாத இறுதிவரையும், சில ஆண்டுகளில் ஜூன் தொடக்கத்திலும் உறைபனி விழக்கூடும். செப்டெம்பரில் அது திரும்பி வந்துவிடும். நிலமும் குளிர்ந்து ஈரமேறிக் கிடப்பது. எனவே பாத்திகளை உயர்த்தி அமைத்தால்தான் மண் விரைவில் சூடேறும்.

அந்த மக்களிடம் இதற்கெனச் சில நாட்கணக்குகள் உண்டு. நகரின் கிழக்கேயுள்ள லடோகா ஏரியில் உறைந்திருந்த பனிக்கட்டி, வசந்தத்தில் உடைந்து நேவா ஆற்றின் வழியே நகருக்குள் மிதந்து வரும்போது, ஏறிய வெப்பம் மீண்டும் இறங்கும். அதன்பின் மே மாதத்தில் ‘செரியோமுகா’ என்னும் மரம் வெள்ளை வெளேரெனப் பூக்கும் நாட்களில் இன்னொரு குளிர் வரும். அதற்கு அம்மரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கிராமத்து முதியவர்கள் இவற்றையெல்லாம் கடந்தே உருளைக்கிழங்கின் தளிர் மண்ணுக்கு மேல் வரவேண்டும் எனக் கணக்கிட்டு நடுவார்கள். நம் ஊரில் சித்திரை மழையையும் ஆடிக்காற்றையும் வைத்து விதைப்புக்கு நாள் பார்ப்பதைப் போன்றதே இது. ஆனால் 1941இல் லெனின்கிராட்டில் இருந்தவர்களிற் பெரும்பாலோர் தொழிலாளர்களும் எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் மாணவர்களுமே. மண்வெட்டி பிடித்தறியாதவர்கள் அவர்களுள் அநேகர்.

1941 ஜூன் 22ஆந் திகதி ஹிட்லரின் படைகள் சோவியத் ஒன்றியத்துள் நுழைந்தன. செப்டெம்பர் 8ஆந் திகதி லடோகா ஏரிக்கரையிலுள்ள ஷ்லிசெல்பேர்க் வீழ்ந்தபோது நகருக்கான தரைவழி முற்றாக மூடப்பட்டது. அதே நாளில் நடந்த குண்டுவீச்சில் படாயெவ் உணவுக் களஞ்சியங்கள் எரிந்தன. உருகிய சீனி ஊறிய அந்த மண்ணைப் பின்னர் மக்கள் தோண்டிச் சென்று கரைத்துக் குடித்தார்கள். நகரைத் தாக்கிப் பிடிப்பதைவிடச் சுற்றிவளைத்துப் பட்டினி போடுவதே ஜேர்மன் தலைமையின் முடிவாக இருந்தது. முற்றுகைக்கு முன்னரே போதிய மக்களை வெளியேற்றவும் உணவைச் சேமிக்கவும் தவறிய பொறுப்பு சோவியத் தலைமையைச் சாரும்.

அந்த இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்த கோவாத் தோட்டங்களில் விடுபட்டுக் கிடந்த முரட்டு வெளியிலைகளைப் பொறுக்க, மக்கள் போர்முனைக்கு அருகேயுள்ள வயல்களுக்கும் சென்றார்கள். நவம்பர் 20ஆந் திகதி பாண் பங்கீடு அடிமட்டத்துக்குக் குறைந்தது. தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 250 கிராம், ஏனையோருக்கும் சிறுவருக்கும் 125 கிராம். அப்பாணிலும் மாவல்லாத கலப்புகள் இருந்தன. லடோகா ஏரி உறைந்ததும் அதன் பனிமேல் பாரவூர்திகள் ஓடத் தொடங்கின. டிசம்பர் 25இல் பங்கீடு சற்று உயர்ந்தது. ஆயினும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையையும் தாண்டிய அந்தக் குளிர்காலத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் இறந்தார்கள். முழு முற்றுகைக் காலத்திலும் இறந்த பொதுமக்கள் 6 இலட்சத்து 32 ஆயிரம் என நியூரம்பேர்க் விசாரணையில் கூறப்பட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை 8 இலட்சத்துக்கும் 10 இலட்சத்துக்கும் இடையில் வைக்கின்றனர்.

இனி 1942 வசந்தத்துக்கு வருவோம். பனி உருகினால் தெருக்களிலும் முற்றங்களிலும் கிடக்கும் சடலங்களாலும் கழிவுகளாலும் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் எழுந்தது. மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை, நிற்கவே வலுவற்ற மக்கள் மண்வாரிகளோடு இறங்கி நகரைத் துப்புரவு செய்தார்கள். ஏப்ரல் 15ஆந் திகதி பயணிகள் ட்ராம் வண்டி மீண்டும் ஓடியது. இதற்கிடையே மார்ச் 19ஆந் திகதி நகரசபையின் நிருவாகக் குழு, தொழிலாளர் தமது சொந்தத் தேவைக்குத் தோட்டம் செய்வது பற்றித் தீர்மானமொன்றை நிறைவேற்றியிருந்தது. பூங்காக்கள், சதுக்கங்கள், குடியிருப்பு முற்றங்கள், ஆற்றங்கரைகள், வெறும் காணிகள் எல்லாம் பாத்திகளாயின. சக்கரவர்த்திகளின் படை அணிவகுப்பு நடந்த செவ்வாய்த் திடலும், பீட்டர் மன்னன் அமைத்த கோடைப் பூங்காவும் கொத்தப்பட்டன. சென் ஐசாக் பேராலயத்தின் முன்னாலுள்ள சதுக்கத்தில் கோவா நிரைநிரையாக நிற்கும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. பின்னணியில் பேராலயத்தின் தூண்கள், முன்னால் குனிந்து நிற்கும் பெண்கள்.

புகைப்படத்தில் தெரியாத விடயம் ஒன்றுண்டு. அந்தப் பாத்திகளில் கோவா நிற்பதற்கு முன்னர் அந்த மக்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் மாதம். கையில் ஒரு உருளைக்கிழங்கு இருக்கிறது. அதை அவித்தால் இன்றைய பசி ஒரு மணித்தியாலம் தணியும். நட்டால் செப்டெம்பரில் பத்துக் கிழங்கு கிடைக்கலாம். நடுவது என்று முடிவுசெய்தாலும் உடனே நட முடியாது. லடோகாவின் பனிக்கட்டி இறங்கவேண்டும். செரியோமுகா பூத்து உதிரவேண்டும். அவசரப்பட்டால் ஓரிரவில் எல்லாம் போய்விடும். தாமதித்தால் இலையுதிர்காலப் பனி முந்திக்கொள்ளும். பஞ்சத்தின் வரலாற்றில் நாம் வழக்கமாகத் தேடுவது உணவு எங்கே இருந்தது, யார் தடுத்தார் என்பதையே. பசித்தவனிடம் பருவம் கேட்கும் பொறுமையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வயிறு நிறைந்த தோட்டக்காரனுக்கே இரண்டு வாரம் பொறுப்பது கடினம் என்பதற்கு என் ரொறன்ரோ நண்பர் சாட்சி.

காத்திருந்த வாரங்களில் மக்கள் தின்றவை காட்டுக்கீரைகள். தாவரவியல் நிறுவகத்தின் அறிஞர்கள் உண்ணத்தக்க காட்டுச் செடிகளைப் பற்றிக் கைநூல்கள் வெளியிட்டார்கள். செந்தட்டி வகையைச் சேர்ந்த சுணைச் செடியின் கொழுந்து, சீமைக் காட்டுமுள்ளங்கி எனப்படும் டண்டலியன் இலை போன்றவை சூப்பாயின. உயிர்ச்சத்து சி இன்றிப் பல் ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கேவி நோய் அந்த வசந்தத்தில் பரவலாக இருந்தது. அதற்கு ஊசியிலை மரத்தின் இலையை ஊறவைத்த கசப்பு நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். கோவாவும் முள்ளங்கியும் வயிற்றை நிரப்புவதற்கு மட்டுமன்றி மருந்தாகவும் தேவைப்பட்டன.

பொறுமையின் எல்லையை வேறு சிலர் அந்தக் குளிர்காலத்திலேயே கண்டிருந்தார்கள். ஐசாக் சதுக்கத்தில்தான் அகில ஒன்றியப் பயிர்வளர்ப்பு நிறுவகமும் இருந்தது. நிக்கொலாய் வவிலோவ் என்ற பேரறிஞர் உலகெங்கும் பயணம் செய்து திரட்டிய விதைக் களஞ்சியம் அங்கே இருந்தது. நெல், கோதுமை, பயறு, நிலக்கடலை என உண்ணத்தக்கவை பல தொன். அவருடைய சகாக்களான புக்காசொவ், யூசெப்சுக் ஆகியோர் 1920களில் மெக்சிக்கோவுக்கும் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளுக்கும் சென்று கொண்டுவந்த உருளைக்கிழங்கு இனங்களும் அங்கிருந்தன. அவற்றுட் சில மலைமுகட்டின் உறைபனியையே தாங்கி வளர்பவை. வடநாட்டுக்கு உறைபனி தாங்கும் கிழங்கை உருவாக்குவதற்கு அவையே மூலதனம்.

அந்தக் கிழங்குகள் நகருக்குத் தெற்கேயுள்ள பவ்லொவ்ஸ்க் நிலையத்தின் வயலில் நின்றன. ஜேர்மன் படை நெருங்கியபோது ஏபிரஹாம் கமெராஸ் என்ற ஆய்வாளர் எறிகணைகளுக்கிடையே அவற்றைக் கிண்டி நகருக்கு அனுப்பினார். பின்னர் அவர் போர்முனைக்குச் சென்றார். வடீம் லெக்னோவிச், ஒல்கா வொஸ்க்ரெசென்ஸ்கயா ஆகிய இருவரும் அக்கிழங்குகளை நிலவறையில் வைத்துக் குளிர்காலம் முழுவதும் காத்தனர். விதைக்கிழங்கு உறைந்தால் செத்துவிடும். ஆகவே கிடைத்த விறகையெல்லாம் எரித்து அந்த அறையை உறையாமல் வைத்திருந்தார்கள். எலிகளிடமிருந்தும் காத்தார்கள். தங்களிடமிருந்தும் காத்தார்கள் என்றே சொல்லவேண்டும். மேல்மாடிகளில் விதைப் பெட்டிகளைக் காத்தவர்களுள் நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷுக்கின், நெல் ஆய்வாளர் டிமித்ரி இவானோவ், ஓட்ஸ் ஆய்வாளர் லிடியா ரொடினா ஆகியோர் பட்டினியால் இறந்தார்கள். இவானோவின் பொறுப்பில் பல கிலோ நெல் விதை தீண்டப்படாமல் இருந்தது.

நம் மரபில் இளையான்குடிமாற நாயனாரின் கதை உண்டு. வறுமையுற்ற காலத்தில் மழையிரவில் வந்த அடியாருக்கு அமுது படைக்க, பகலில் வயலில் விதைத்த நெல்முளையையே வாரி வந்தார் அவர். விதையை உணவாக்கியது அங்கே அறத்தின் உச்சம். லெனின்கிராட்டில் விதையை உணவாக்க மறுத்தது அறத்தின் உச்சமாயிற்று. வந்த விருந்தாளிக்காக நாளையைக் கொடுத்தவர் நாயனார். இன்னும் பிறக்காத விருந்தாளிகளுக்காக இன்றைக் கொடுத்தவர்கள் இவர்கள். இரண்டுக்கும் தலைவணங்கலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் குழந்தைகள் மடியும்போது விதைப்பெட்டியைப் பூட்டி வைத்தது சரியா என்ற கேள்வி எழாமலில்லை. அந்தத் தொன்கள் இலட்சக்கணக்கான வயிறுகளுக்கு ஒருநாள் உணவாகவும் போதியிரா என்பதே கணக்கின் பதில். அந்தக் கணக்கு அறிந்திருந்தும் ஒரு பிடி நெல்லைத் தன் வாய்க்கு எடுக்காதவர்களை என்னால் வாதத்துக்குள் அடக்க இயலவில்லை.

நிலவறைக் கிழங்குகள் 1942 வசந்தத்தில் நகரையண்டிய நிலத்தில் மீண்டும் நடப்பட்டன. நிறுவகத்தில் எஞ்சியவர்கள் நகரத்துத் தோட்டக்காரருக்கு ஆலோசனையும் வழங்கினர். முழுக்கிழங்கை நட வசதியற்ற இடங்களில் முளைக்கண் உள்ள துண்டுகளை மட்டும் வெட்டி நட்டு, எஞ்சியதை உண்டார்கள். பனி விழும் அறிகுறி தெரிந்த மாலைகளில் இளந்தளிரை மண்ணால் மூடுவது அந்நாட்டின் பழைய உத்தி. விளைந்தபின் களவுக்குப் பயந்து பாத்திகளுக்குக் காவலும் தேவைப்பட்டது. ஓகஸ்ட் 9ஆந் திகதி அந்நகரில் ஷொஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியதை உலகம் இன்றும் நினைவுகூர்கிறது. அன்று அந்த மண்டபத்துக்கு வெளியே சதுக்கங்களில் கோவா முற்றிக்கொண்டிருந்தது.

அவ்வாண்டில் 633 துணைப் பண்ணைகளும் 1,468 தோட்டக்காரர் சங்கங்களும் இயங்கின. அரச பண்ணைகளும் தனியார் பாத்திகளும் உட்பட மொத்த விளைச்சல் 77 ஆயிரம் தொன். கோவாவை உப்பிட்டுப் புளிக்கவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தனர். இரண்டாவது குளிர்காலம் முதலாவதைப் போல் இருக்கவில்லை. அதற்குத் தோட்டம் மட்டுமே காரணமென்று கூறுவது மிகை. பெருந்தொகையானோர் இறந்தும் வெளியேற்றப்பட்டும் இருந்ததால் உண்ணும் வாய்கள் குறைந்திருந்தன. ஏரிவழி விநியோகமும் சீரடைந்திருந்தது. ஆயினும் அந்த விளைச்சல் இன்றி அவ்வளவு பேர் மீண்டிருக்க முடியாது. 1943 ஜனவரி 18இல் முற்றுகை உடைக்கப்பட்டது. 1944 ஜனவரி 27இல் முற்றாக நீங்கியது. மொத்தம் 872 நாட்கள்.

தோட்டத்தைச் சாத்தியமாக்கியவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். விதைகளைத் திரட்டிய வவிலோவ் அந்த நாட்களில் நகரில் இல்லை. 1940 ஓகஸ்டில் கைதாகிய அவர், 1943 ஜனவரி 26ஆந் திகதி சரத்தொவ் நகரச் சிறையில் போசாக்கின்மையால் நலிந்து இறந்தார். உலகின் பசியைத் தீர்க்க விதை தேடியவர் சொந்த அரசின் சிறையில் பட்டினியால் மாண்டார். அவரை எதிர்த்துத் தூற்றிய லைசென்கோ, உருளைக்கிழங்கின் நுனித்துண்டை நடும் முறையைப் பரப்பியமைக்காக அதே 1943இல் ஸ்டாலின் பரிசு பெற்றார். முற்றுகையின்போது நகரசபை நிருவாகக் குழுவின் தலைவராக இருந்தவர் பியோத்தர் பொப்கொவ். தோட்டத் தீர்மானம் அவர் தலைமை வகித்த குழுவுடையது. ‘லெனின்கிராட் வழக்கு’ எனப்பட்ட சோடனை வழக்கில் அவர் 1950 ஒக்டோபர் 1இல் சுட்டுக்கொல்லப்பட்டார். முற்றுகையை நினைவுகூர 1946இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் 1949இல் மூடப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்தே அது மீண்டும் திறந்தது.

அருங்காட்சியகத்தை மூடலாம். பாத்தி கட்டத் தெரிந்துவிட்ட மக்களிடமிருந்து அந்த அறிவைப் பறிக்க இயலாது. போருக்குப் பின்னரும் சோவியத் நகரவாசிகள் தோட்டத்தைக் கைவிடவில்லை. 1949இல் அரசே ஆணையொன்றின் மூலம் அதனை முறைப்படுத்தியது. 1990களில் சோவியத் ஒன்றியம் சிதறிச் சம்பளமின்றி மக்கள் திண்டாடியபோதும், ரஷ்யர்கள் உண்ட உருளைக்கிழங்கில் மிகப் பெரும்பங்கு வீட்டுத் தோட்டங்களிலேயே விளைந்தது.

அதே தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் நாம் இருந்தோம். யூரியாவும் எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் வரவில்லை. லெனின்கிராட்டோடு அதனை ஒப்பிட நான் முனையவில்லை. அளவால் இரண்டும் வெவ்வேறு. ஒன்றை மட்டும் சொல்லலாம். எங்கள் வீட்டு அடுப்படிக் கூரையில் விதைவெங்காயம் பிடிபிடியாகக் கட்டித் தொங்கியது. கறிக்கு வெங்காயமில்லாத நாட்களிலும் அதில் எவரும் கைவைத்ததில்லை. அம்மா எங்களுக்கு அதைத் தடைசெய்ததாக ஞாபகமில்லை. அது உணவு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. வவிலோவின் சகாக்களைப் படித்தபோது முதலில் கண்முன் வந்தது அந்தப் புகையேறிய கூரைதான்.

கடந்த வாரம் நண்பர் மீண்டும் அழைத்தார். புதிய கன்றுகள் நட்டுவிட்டாராம், இம்முறை ஜூன் பிறந்த பின்னர். கன்று எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாங்கவில்லை என்றார். பக்கத்து வீட்டு அம்மையார் எந்த ஆண்டும் எல்லாக் கன்றையும் ஒரே தடவையில் வெளியில் வைப்பதில்லையாம். ஒரு தட்டு நிறையக் கன்றுகளை உள்ளே, யன்னலோரத்தில் விட்டுவைத்திருந்தாராம்.